டாக்டர் ஹூ: திரைக்குப் பின்னால் குறித்துவைக்க வேண்டிய நாட்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறுபது வயதைத் தாண்டிவிட்ட அறிவியல் புனைவுத் தொடர். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 23 வந்தால் ரசிகர்கள் அதன் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் பக்கம் நின்று பார்த்தால், நாட்காட்டியில் வட்டமிட வேண்டிய நாட்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஸ்டுடியோவில் வியர்த்தவர்கள், நாடாவை வெட்டி ஒட்டியவர்கள், டைட்டிலில் பெயரே வராமல் போனவர்கள் என்று பலருடைய நாட்கள் அவை. அவற்றைப் பற்றி நண்பர்களும் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

நான் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, டார்டிஸ் என்ற கால இயந்திரத்தில் சுற்றித் திரிகிறார். வெளியிலிருந்து பார்த்தால் அது லண்டன் தெருவோரங்களில் ஒரு காலத்தில் நின்ற நீல நிற போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய மாளிகை. சாகும் தறுவாயில் டாக்டரின் உடல் மாறி, வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். அதனால் நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் தொடர் நிற்பதில்லை. 1963 முதல் 1989 வரை தொடர்ந்து ஓடியது. 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005 மார்ச் 26 அன்று தொடர் மறுபடி தொடங்கியது.

பிறந்தநாள் நவம்பர் 23 தானே? அதில் என்ன சந்தேகம்?

ஒளிபரப்பான நாள் அதுதான். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. மாலை 5:15க்கு வர வேண்டியது, 80 வினாடி தாமதமாகத் தொடங்கியது. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே அந்தச் செய்தியில் உறைந்து போயிருந்தபோது சிறுவர்களுக்கான புதுத் தொடரை யார் கவனிப்பார்கள்? முதல் எபிசோடைச் சுமார் 44 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். சில பகுதிகளில் மின்தடை வேறு. அதனால் அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது எபிசோடுக்கு முன்பு முதல் எபிசோடையே மறுபடி ஒளிபரப்பினார்கள். பிபிசி எடுத்த அந்தச் சின்ன முடிவு இந்தத் தொடருக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஆனால் தொடரை எடுத்தவர்களைப் பொறுத்தவரை, அதற்கு முன்பே இரண்டு பிறந்தநாட்கள் முடிந்துவிட்டன. ஒன்று செப்டம்பர் 27, இன்னொன்று அக்டோபர் 18.

அந்த இரண்டு நாட்களில் என்ன நடந்தது?

ஒரே எபிசோடை இரண்டு முறை எடுத்தார்கள்.

மேற்கு லண்டனில் இருந்த லைம் குரோவ் ஸ்டுடியோவின் ‘டி’ தளம் பழையது, நெருக்கமானது, அனல் பறக்கும் இடம். விளக்குகளின் சூட்டில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களே சில சமயம் திறந்துகொள்ளும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேமராக்கள் கனமானவை, ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணத்துக்கு நகர்த்துவதே பெரும்பாடு. அன்றைக்கு வீடியோ நாடாவை எடிட் செய்வது என்றால் நாடாவையே கத்தியால் வெட்டி ஒட்டுவதுதான். அது செலவு பிடிக்கும் வேலை. அதனால் கிட்டத்தட்ட மேடை நாடகம் போல, தொடர்ச்சியாக நடிக்க வைத்துப் பதிவு செய்தார்கள்.

செப்டம்பர் 27 அன்று எடுத்த முதல் பதிப்பில் டார்டிஸின் கதவு மூட மறுத்தது. நடிகர்கள் முக்கியமான வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு தானாகத் திறப்பதும் மோதுவதுமாக இருந்தது. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த டாக்டர் சிடுசிடுவென்று, பயமுறுத்துகிற மாதிரி இருந்தார். சாதாரண கோட்டும் டையும் அணிந்திருந்தார். அவருடைய பேத்தி சூசன், தான் 49ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்று தேதி குறிப்பிட்டுச் சொன்னாள்.

பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், தொடரின் மூல யோசனைக்கே சொந்தக்காரர். பதிவைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளரையும் இயக்குநரையும் சாப்பிட அழைத்துப்போனார். உங்கள் இருவரையும் வேலையை விட்டே அனுப்ப வேண்டும், ஆனால் திரும்ப எடுங்கள் என்ற பொருளில் அவர் பேசியதாக இயக்குநர் வாரிஸ் ஹுசைன் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு எபிசோடுக்குச் சுமார் 2,300 பவுண்டு என்று கணக்கிட்டுச் செலவு செய்த தொடரில், ஒரு முழு எபிசோடைத் தூக்கி ஓரமாக வைப்பது சாதாரண விஷயம் இல்லை.

அக்டோபர் 18 அன்று மறுபடி எடுத்தார்கள். டாக்டருக்குப் பழைய காலத்துக் கோட்டும் கழுத்துத் துணியும் வந்தன. கோபத்துக்கு நடுவே ஒரு குறும்புச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. சூசனின் வசனத்தில் நூற்றாண்டு எண் போய், வேறொரு காலம், வேறொரு உலகம் என்று மாறியது. அந்த ஒரு மாற்றம் போதும், என்னைக் கேட்டால். எண் சொன்னால் அது வெறும் தகவல். சொல்லாமல் விட்டதும் அங்கே மர்மம் குடியேறிவிட்டது. அறுபது வருடமாக எழுத்தாளர்கள் அந்த வெற்றிடத்திலிருந்துதான் கதை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒதுக்கப்பட்ட முதல் பதிப்பு அழியவில்லை. 1991 ஆகஸ்ட் 26 அன்று பிபிசி 2இல் முதன்முறையாக ஒளிபரப்பானது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். திரும்ப எடுப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தத் தயாரிப்பாளரும் இயக்குநரும் யார்?

தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட். பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27. அன்றைக்கு பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர், எல்லோரிலும் இளையவரும் அவர்தான். நியூமன் முன்பு ஏபிசி தொலைக்காட்சியில் இருந்தபோது அவருக்குக் கீழே உதவியாளராக வேலை பார்த்தவர். 1958இல் நேரலை நாடகம் ஒன்றின் நடுவில் ஒரு நடிகர் இறந்துபோனார். இயக்குநர் நடிகர்களிடம் ஓடி, மீதிக் கதையை எப்படி நடத்துவது என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேமராக்களை இயக்கியவர் லேம்பர்ட். அப்படிப்பட்ட நெஞ்சுரம் உள்ளவரைத்தான் நியூமன் தேடிப் பிடித்தார்.

இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். நாவலாசிரியர் அத்தியா ஹொசைனின் மகன். சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் படித்து, பிபிசியில் சேர்ந்தவர். முதல் கதையை இயக்கியபோது அவருக்கு 24 வயது. வெள்ளைக்கார ஆண்கள் நிறைந்திருந்த அந்தக் கட்டடத்தில் ஒரு இளம்பெண்ணும் இந்தியாவில் பிறந்த ஓர் இளைஞரும் சேர்ந்துதான் பிரிட்டனின் மிகப் பிரபலமான அறிவியல் புனைவுத் தொடரைத் தொடங்கிவைத்தார்கள். நம் ஊரில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள்கூட ஹுசைன் பெயரைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

லேம்பர்ட் 2007 நவம்பர் 22 அன்று காலமானார். தொடரின் 44ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். அவர் இருக்கும்போதே, அதே ஆண்டு மே மாதம், கதையில் மனிதனாக மாறியிருந்த டாக்டர் தன் பெற்றோர் பெயர் சிட்னி, வெரிட்டி என்று சொல்லும் ஒரு காட்சியும் வந்திருந்தது.

தீம் இசையை உருவாக்கியவர் யார்? ஏன் அதற்கு ஐம்பது வருடக் கணக்கு சொல்கிறார்கள்?

எழுதியவர் ரான் கிரெய்னர் என்ற ஆஸ்திரேலிய இசையமைப்பாளர். நாம் கேட்கும் ஒலியாக அதை ஆக்கியவர் டீலியா டெர்பிஷைர், உதவியாளர் டிக் மில்ஸ். இருவரும் பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் இருந்தவர்கள். லண்டன் மைடா வேலில் இருந்த அந்தப் பட்டறை 1958இல் நாடகங்களுக்குப் புதுவித ஒலிகள் செய்து தருவதற்காகத் தொடங்கப்பட்டது.

1963இல் சிந்தசைசர் கையில் இல்லை. கிரெய்னர் தந்தது ஒரே ஒரு தாளில் எழுதிய குறிப்பு. மேகம், காற்றுக் குமிழி என்ற மாதிரி வர்ணனைகள் அதில் இருந்தன. டெர்பிஷைர் ஒரு கம்பியை ஒரு முறை மீட்டிப் பதிவு செய்தார். அந்த ஒற்றை ஒலியை வெவ்வேறு வேகத்தில் ஓட்டினால் வெவ்வேறு சுருதி கிடைக்கும். ஒவ்வொரு சுருதிக்கும் தேவையான நீளத்தில் நாடாவை வெட்டி, ஒட்டி, அந்த ‘டும்-டிடி-டும்’ அடிநாதத்தைக் கட்டினார். மேலே வரும் மெட்டு, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த, சீரான மின்னணு ஒலி எழுப்பும் ஆசிலேட்டர்களிலிருந்து வந்தது. இரைச்சலை வடிகட்டி அந்த உஸ்ஸென்ற காற்றைச் செய்தார்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பல தட ஒலிப்பதிவுக் கருவி அங்கே இல்லை. தனித்தனி நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் போட்டு, ஒரே நொடியில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஓர் இடத்தில் ஏதோ பிசிறு தட்டியது. எந்த ஒட்டில் பிழை என்று காதால் பிடிக்க முடியவில்லை. நாடாக்களை மைடா வேலின் நீண்ட தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒட்டுகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று நடந்தே பார்த்ததாக டிக் மில்ஸ் சொல்லியிருக்கிறார்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று வியந்தார். பெரும்பகுதி நீங்கள்தான் என்றார் டெர்பிஷைர். இசையமைப்பில் அவருக்கும் பங்கு தர வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார். ஆனால் பட்டறை ஊழியர்கள் பெயரில்லாமல் இருக்க வேண்டும் என்பது பிபிசியின் விதி. டைட்டிலில் கிரெய்னர் பெயரும் பட்டறையின் பெயரும் மட்டும் வந்தன.

டெர்பிஷைர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். முன்பு ஒரு பிரபல இசைத்தட்டு நிறுவனம், ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களுக்கு வேலையில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. 2001 ஜூலை 3 அன்று இறந்துபோனார். அவருடைய வீட்டுப் பரணிலிருந்து 267 நாடாக்கள் கிடைத்தன. தொடரின் டைட்டிலில் அவர் பெயர் முதன்முறையாக வந்தது 2013 நவம்பர் 23 அன்று, ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில். அவர் இறந்து 12 வருடம் ஆன பிறகு. அன்றைக்கு வந்த டாக்டர்களின் கூட்டத்தைவிட, அந்த ஒரு வரிப் பெயர்தான் எனக்கு அந்த விழாவின் உச்சம்.

டார்டிஸ் கிளம்பும்போது வரும் சத்தம்?

அதே பட்டறையின் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. உடைந்த பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மீது தன் அம்மாவின் வீட்டுச் சாவியை இழுத்து உரசினார். பிறகு நாடாவில் வேகத்தை மாற்றி, எதிரொலி சேர்த்தார். இன்றும் தொடரில் வரும் சத்தத்துக்கு அந்தச் சாவிதான் வேர்.

டாலெக்குகளின் பிறந்தநாள் எப்போது?

டாலெக்குகள் உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரக எதிரிகள். அவற்றுக்கு இரண்டு தேதி சொல்லலாம். 1963 டிசம்பர் 21 எபிசோடின் கடைசி நொடியில், டாக்டரோடு பயணிக்கும் பார்பரா அலறும்போது, கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கோப்பை போன்ற அதன் கை மட்டும் தெரிந்தது. முழு உருவம் தெரிந்தது டிசம்பர் 28 அன்று. நடுவில் ஒரு வாரம் குழந்தைகள் தவித்துப் போனார்கள். அந்தக் கதை முடியும்போது பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. பூச்சிக்கண் அரக்கர்கள் எல்லாம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்த நியூமன், முதலில் லேம்பர்ட் மீது கடும் கோபம் கொண்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தத் தொடர் சில மாதங்களில் முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கதை எழுதியவர் டெர்ரி நேஷன். உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். நேஷனுக்கு உரிமையில் பங்கு இருந்ததால் பொம்மைகளும் விளம்பரங்களும் அவருக்குப் பெரும் பணம் கொண்டுவந்தன. குசிக் மாதச் சம்பள ஊழியர். அவருக்குக் கிடைத்தது சொற்பமான ஒரு சிறப்புத் தொகைதான். உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் உருவம் அவருடைய வரைபலகையில் பிறந்தது. குசிக் 2013 பிப்ரவரியில் இறந்தார், ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒன்பது மாதம் முன்பு.

டாக்டர் முதன்முதலில் முகம் மாறிய நாள்?

1966 அக்டோபர் 29. ‘தி டென்த் பிளானட்’ கதையின் நான்காம் எபிசோட். ஹார்ட்னெல்லின் உடல்நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. நடிகரை மாற்றியும் தொடரை ஓட்ட வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்த யோசனைதான் இது.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 8 அன்று ரிவர்சைட் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. அதே நாள் மாலை அந்தக் கதையின் முதல் எபிசோட் ஒளிபரப்பாகி, இயந்திர உடல் கொண்ட எதிரிகளான சைபர்மேன்கள் மக்களுக்கு அறிமுகமானார்கள். ஹார்ட்னெல் முகம் கரைந்து இரண்டாம் டாக்டரான பாட்ரிக் ட்ரௌட்டன் முகமாக மாறுவதைச் செய்து காட்டியவர் ஷெர்லி கவர்ட், கேமராக்களின் படங்களைக் கலக்கும் பலகையில் உட்கார்ந்திருந்தவர். பலகையில் இருந்த ஒரு கோளாறையே பயன்படுத்தி, படத்தை வெளிச்சத்தில் வெளுக்கவிட்டு, ஒன்றை இன்னொன்றுக்குள் கரைத்தார். இந்தத் தொடரின் ஆயுளை நீட்டிய தந்திரம் அது.

அந்த எபிசோடின் முழுப் பதிவு இன்று இல்லை. முகம் மாறும் காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1973இல் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி, தொடரின் பத்தாம் ஆண்டை ஒட்டி அதை எடுத்துப் போட்டதால்தான் தப்பியது.

பத்தாம் ஆண்டு விழா ஏன் ஒன்பதாம் ஆண்டிலேயே நடந்தது?

‘தி த்ரீ டாக்டர்ஸ்’ 1972 டிசம்பர் 30 அன்று தொடங்கி 1973 ஜனவரி 20 அன்று முடிந்தது. பத்தாவது சீசனின் முதல் கதை என்பதால் அதையே விழாக் கதையாக வைத்துக்கொண்டார்கள். தேதி சரியாக வர வேண்டுமே என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை.

தயாரிப்பாளர் பாரி லெட்ஸ் தொலைபேசியில் கேட்டபோது ஹார்ட்னெல் உற்சாகமாகச் சரி என்றுவிட்டார். பிறகு அவருடைய மனைவி, கணவருக்கு நினைவு தங்குவதில்லை, நடந்து நடிக்க முடியாது என்று எடுத்துச் சொன்னார். கதையில் மூன்று டாக்டர்களும் சேர்ந்து ஓட வேண்டும். என்ன செய்வது? எழுதியதை மாற்றினார்கள். முதலாம் டாக்டர் கால வெளியில் சிக்கிக்கொண்டு, டார்டிஸின் திரையில் மட்டும் தோன்றி மற்ற இருவருக்கும் புத்தி சொல்வார். ஹார்ட்னெல்லை உட்கார வைத்து, வசனத்தை அட்டைகளில் எழுதிக் காட்டி, தனியாகப் படம் பிடித்தார்கள். அதுதான் அவர் நடித்த கடைசி வேடம். 1975 ஏப்ரல் 23 அன்று காலமானார்.

அந்தக் காட்சிகளை இப்போது பார்த்தால் அவருடைய கண்கள் அட்டையைத் தேடுவது தெரியும். ஆனால் அடுத்த இரு டாக்டர்களையும் திரையிலிருந்தபடி கண்டிக்கும்போது குரலில் அந்தப் பழைய அதிகாரம் அப்படியே இருக்கும். ஒரு மனிதரை விட்டுவிடாமல், அவரால் முடிந்த அளவுக்குக் கதையை வளைத்த அந்தக் குழுவுக்கு என் வணக்கம்.

இருபதாம் ஆண்டில் ஏன் மெழுகு பொம்மை வந்தது?

1983 நவம்பரில் வந்தது ‘தி ஃபைவ் டாக்டர்ஸ்’. முதலில் எழுத உட்கார்ந்த ராபர்ட் ஹோம்ஸ் முடியாது என்று விலக, டெரன்ஸ் டிக்ஸ் எழுதினார். நான்காம் டாக்டரான டாம் பேக்கர் நடிக்க மறுத்தார். 1979இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன ‘ஷாடா’ என்ற கதையில் அவர் கேம்பிரிட்ஜின் கேம் ஆற்றில் படகு தள்ளும் காட்சி இருந்தது. அதை எடுத்துச் செருகிக்கொண்டார்கள். விளம்பரப் புகைப்படத்துக்கு மற்றவர்கள் வரிசையாக நிற்க, பேக்கர் இடத்தில் மேடம் துஸாட்ஸ் மெழுகு உருவம் நின்றது. மறைந்த ஹார்ட்னெல் இடத்தில் ரிச்சர்ட் ஹர்ன்டால் நடித்தார். படம் தொடங்கும்போது மட்டும், பழைய கதையிலிருந்து ஹார்ட்னெல்லே வந்து, ஒரு நாள் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிரிட்டிஷ்காரர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒரு தகவல்: சரியாக நவம்பர் 23 அன்று இதைப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். பிரிட்டனில் இரண்டு நாள் கழித்து, ஒரு தர்ம நிதி நிகழ்ச்சியின் பகுதியாகத்தான் வந்தது.

25ஆம் ஆண்டு?

அதிகாரபூர்வ விழாக் கதை ‘சில்வர் நெமிசிஸ்’, 1988 நவம்பர் 23 அன்று தொடங்கியது. வெள்ளி விழா என்பதால் வெள்ளி நிறச் சைபர்மேன்கள். உண்மையான விழா அதற்கு முந்தைய மாதம் வந்த ‘ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ என்பது என் கருத்து. கதை 1963 நவம்பருக்கே திரும்பிப் போய், முதல் எபிசோடில் வந்த அதே பள்ளிக்கூடத்தையும் அதே பழைய இரும்புக் கடை முற்றத்தையும் காட்டும். ஒரு காட்சியில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் புதிய அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை அறிமுகப்படுத்தத் தொடங்க, பெயர் சொல்வதற்குள் காட்சி மாறிவிடும்.

தொடர் நின்றிருந்த காலத்தில் ஆண்டு விழாக்கள் நடந்தனவா?

1989 டிசம்பர் 6க்குப் பிறகு புது எபிசோட் இல்லை. 1993இல் முப்பதாம் ஆண்டுக்காக ‘தி டார்க் டைமென்ஷன்’ என்ற கதையைத் திட்டமிட்டுக் கைவிட்டார்கள். பதிலுக்கு நவம்பர் 26, 27 தேதிகளில் ‘டைமென்ஷன்ஸ் இன் டைம்’ என்ற இரண்டு சிறு பகுதிகள் வந்தன. ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ குடும்பத் தொடரின் பாத்திரங்களும் டாக்டர்களும் கலந்துகொண்ட, முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் குழப்பம். கதையாக நிற்காது. ஆனால் எல்லோரும் தர்ம நிதிக்காகக் காசு வாங்காமல் நடித்தார்கள். டாம் பேக்கரும் திரும்ப வந்தார்.

நாற்பதாம் ஆண்டில் கொண்டாட்டத்தைவிடப் பெரிய செய்தி வந்தது. 2003 செப்டம்பர் 26 அன்று தொடர் திரும்ப வருகிறது, ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுகிறார் என்று பிபிசி அறிவித்தது. லைம் குரோவில் முதல் பதிவு நடந்து சரியாக நாற்பது வருடம் முடிய ஒரே நாள் பாக்கி.

ஐம்பதாம் ஆண்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

‘தி டே ஆஃப் தி டாக்டர்’ 94 நாடுகளில் ஒரே நேரத்தில் வந்து கின்னஸ் சாதனை படைத்தது. திரையரங்குகளிலும் ஓடியது. 2005இல் டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வரவில்லை என்றதும், கதையை எழுதிய ஸ்டீவன் மொஃபாட் அதில் நடிகர் ஜான் ஹர்ட்டுக்காகப் புதிதாக ஒரு டாக்டரையே உருவாக்கினார். டாம் பேக்கர் கடைசியில் ஓர் அருங்காட்சியகக் காப்பாளராக வந்து நின்றார்.

தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். 1963இன் கறுப்பு வெள்ளை டைட்டில். பள்ளிப் பெயர்ப் பலகையில் நிர்வாகக் குழுத் தலைவர் செஸ்டர்டன். அது முதல் கதையில் வந்த பள்ளி ஆசிரியர் பாத்திரம். தலைமையாசிரியர் பெயர் கோபர்ன். முதல் கதையை எழுதிய அந்தோணி கோபர்னுக்கு மரியாதை. கடிகாரம் காட்டும் நேரம் 5:16.

இதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 21 அன்று, ‘அன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்’ வந்தது. மார்க் கேட்டிஸ் எழுதிய இந்தப் படம் தொடர் பிறந்த கதையையே சொல்கிறது. ஹார்ட்னெல்லாக டேவிட் பிராட்லி, லேம்பர்ட்டாக ஜெசிக்கா ரெய்ன், ஹுசைனாக சச்சா தவன். பின்னாளில் பிராட்லி தொடரிலேயே முதலாம் டாக்டராக நடித்தார். தவன் 2020இல் டாக்டரின் பரம எதிரியான மாஸ்டர் ஆனார்.

பழைய எபிசோடுகள் ஏன் காணாமல் போயின? அதிலும் ஆண்டு நாட்கள் உண்டா?

அன்றைக்கு வீடியோ நாடா விலை அதிகம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் வரம்பு விதித்தன. வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளைக்கு யாரும் மதிப்புத் தரவில்லை. அதனால் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த ஃபிலிம் பிரதிகளும் குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இது நின்றது. ஆனால் ஒவ்வொரு எபிசோடின் ஒலியும் பிழைத்திருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சிறுவர்களுக்குத்தான் அந்தப் பெருமை.

2013 அக்டோபரில், ஐம்பதாம் ஆண்டுக்குச் சரியாக, நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் பிலிப் மோரிஸ் கண்டுபிடித்த ஒன்பது எபிசோடுகள் வெளியாயின. 2016 நவம்பர் 5 அன்று, காணாமல் போன ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ பழைய ஒலியோடு அனிமேஷனாக வெளியானது. முதலில் ஒளிபரப்பாகிச் சரியாக ஐம்பது வருடம் கழித்து, அதே மாலைப் பொழுதில்.

அறுபதாம் ஆண்டில் குறிப்பிடத்தக்கது எது?

2023 நவம்பர் 25 முதல் மூன்று வாரங்கள் டேவிட் டெனன்ட், கேத்தரின் டேட் நடித்த மூன்று சிறப்பு எபிசோடுகள் வந்தன. எனக்கு நெருக்கமானது இரண்டாவதின் கடைசி நிமிடங்கள். பெர்னார்ட் கிரிபின்ஸ் அதில் வருகிறார். 1966இல் டாலெக் திரைப்படத்தில் நடித்தவர், நாற்பது வருடம் கழித்துத் தொடரில் வில்ஃப் தாத்தாவானவர். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 2022 ஜூலையில் காலமானார். அவரிடம் ஓடிவரும் டாக்டரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி நடிப்பு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நவம்பரில் பிபிசி 800க்கும் மேற்பட்ட எபிசோடுகளைத் தன் இணையச் சேவையில் ஏற்றியது. உரிமைச் சிக்கலால் முதல் கதையின் நான்கு எபிசோடுகள் மட்டும் அதில் இல்லை. பிறந்தநாள் விழாவில் பிறந்த கதையே விடுபட்டது பெரிய குறைதான்.

இந்த நாட்களை எப்படிக் கொண்டாடலாம்? எந்த நாளில் எதைப் பார்ப்பது?

மே 5 டெர்பிஷைரின் பிறந்தநாள். ஹெட்ஃபோன் போட்டு 1963 தீமை மட்டும் கேளுங்கள்; அடிநாதத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனி நாடாத் துண்டு என்பதை மனதில் வைத்துக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். அக்டோபர் 29க்கு ‘தி டென்த் பிளானட்’. கடைசி எபிசோடின் அனிமேஷன் பதிப்பு கிடைக்கிறது. நவம்பர் 21 அன்று கேட்டிஸின் படம். அடுத்த நாள் லேம்பர்ட்டின் நினைவு நாள் என்பதால் இந்த வரிசை பொருந்தும்.

டிசம்பர் 21க்கு டாலெக் கதையின் முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஏழு எபிசோடும் முழுதாக இருக்கின்றன, அவசரமே இல்லை. 2023இல் வந்த வண்ணச் சுருக்கப் பதிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை கறுப்பு வெள்ளையில், 28ஆம் தேதி வரை ஒரு வாரம் காத்திருந்து, அன்றைய குழந்தைகள் பார்த்த அதே இடைவெளியோடு இரண்டாவதைப் போடுங்கள்.